மணற்புழு ரத்தம் போய்ச் சேர்ந்த இடம்

பிரான்ஸின் வடமேற்கு மூலையில், பிரிட்டனி கரையோரம், ரோஸ்கோஃப் என்றொரு சின்னத் துறைமுக ஊர். வெங்காயத்துக்குப் பேர்போன ஊர். அங்கே கடல் ஏறி இறங்குவதைச் சொன்னால் பாம்பனில் நின்று கடல் பார்த்துப் பழகியவர்கள் நம்பமாட்டார்கள். நம் பாக் நீரிணையில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவே ஒரு மீட்டர் வித்தியாசம்கூடத் தேறாது. ரோஸ்கோஃபில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அது 8 மீட்டரைத் தாண்டிவிடும். கடல் வாங்கிய பிறகு கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஈர மணல்தான்.

அந்த மணல் மேல் சுருள் சுருளாகச் சின்னச் சின்னக் குவியல்கள் கிடக்கும். ஒவ்வொரு குவியலுக்கும் ஒரு சாண் தள்ளி ஒரு குழி. குழி இருக்கும் பக்கம் தலை, குவியல் இருக்கும் பக்கம் வால். நடுவே, மணலுக்கு அடியில் 20, 30 சென்டிமீட்டர் ஆழத்தில், வளைந்த வளைக்குள் ஒரு புழு படுத்திருக்கிறது. மணலை விழுங்கி, அதில் ஒட்டியிருக்கும் சத்தை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைப் பின்னால் தள்ளுவது அதன் பிழைப்பு. அறிவியல் பெயர் அரெனிகோலா மரினா. ஐரோப்பியக் கரைகளில் தூண்டில்காரர்கள் இதைத் தோண்டி எடுத்து முள்ளில் குத்துவார்கள். நெடுங்காலமாக மனிதருக்கு இதனால் இருந்த பயன் அவ்வளவே.

கையில் எடுத்துப் பார்த்தால் கருப்பும் பழுப்புமாக, பார்க்க ஒன்றும் இல்லாத பிராணி. ஆனால் உடலின் நடுப்பகுதியில் இரண்டு பக்கமும் 13 ஜோடிச் செவுள்கள் புதர் புதராக நீட்டிக்கொண்டிருக்கும். அவை மட்டும் பளிச்சென்று சிவப்பு. அந்தச் சிவப்பு நம் ரத்தத்தின் சிவப்பேதான். இரும்பைப் பிடித்துவைத்திருக்கும் ஹீம், அதைச் சுற்றிய புரதம்: ஹீமோகுளோபின். ஒரே ஒரு முக்கிய வித்தியாசம். நம்முடையது சிவப்பணுக்களுக்குள் அடைபட்டு ஓடுகிறது. புழுவுக்குச் சிவப்பணு கிடையாது. அதன் ஹீமோகுளோபின் ரத்தத்தில் நேரடியாகக் கரைந்து மிதக்கிறது.

இந்த வித்தியாசத்தை நம்பித்தான் புழுவின் ஹீமோகுளோபின் ரத்த சோகைக்கும் ரத்த இழப்புக்கும் மருந்தாகலாம் என்று கிளப்பிவிடப்பட்டது. போக வேண்டிய ஊருக்கு அது இன்னும் போய்ச் சேரவில்லை. ஆனால் வழியில் வேறொரு ஊரில் இறங்கி, அங்கே நல்ல வேலையில் அமர்ந்துவிட்டது.

முதலில் இதைக் கவனித்தவர்களுக்கு மருந்து பற்றிய நினைப்பே இல்லை. கேம்பிரிட்ஜ் உடலியல் அறிஞர் ஜோசப் பார்கிராஃப்ட் ஆக்ஸிஜன் பைத்தியம் பிடித்தவர் என்றால் மிகையில்லை. 1920ல் ஆக்ஸிஜன் குறைத்த கண்ணாடி அறைக்குள் தானே போய் ஆறு நாள் வாழ்ந்து பார்த்தவர். அவரும் மகன் ஹென்றியும் சேர்ந்து 1924ல் இந்தப் புழுவின் ரத்தத்தைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கடல் இறங்கியதும் வளைக்குள் புதுத் தண்ணீர் வருவது நின்றுபோகும்; அந்தச் சில மணி நேரத்துக்கு ஆக்ஸிஜனைச் சேமித்துவைக்கத்தான் இந்த ரத்தம் என்பது அவர்கள் கருத்து. சேமிப்பு மட்டுமே போதாது, ஆக்ஸிஜன் தீர்ந்ததும் புழு அது இல்லாமலேயே சக்தி எடுக்கும் வேறு வழிக்கு மாறிக்கொள்கிறது என்பது பிற்பாடு தெரிந்தது. பிறகு லண்டனில் ஜி. பி. வெல்ஸ் என்ற விலங்கியலாளர் இந்தப் புழுவின் அன்றாடத்தை ஆண்டுக்கணக்காகக் கவனித்தார். ஏறத்தாழ 40 நிமிடத்துக்கு ஒருமுறை அது வாலைத் தூக்கிக் கழிவைத் தள்ளிவிட்டு, வளைக்குள் தண்ணீரை இழுத்து அனுப்புகிறது என்று காட்டினார். செவ்வாய்க்கிரகத்திலிருந்து படை வந்து இறங்குவதாக நாவல் எழுதிய எச். ஜி. வெல்ஸின் மகன்தான் இவர். அப்பா வேற்றுக்கிரகம், பிள்ளை சேற்றுப் புழு.

இதே காலத்தில் அட்லாண்டிக்கின் அந்தப்பக்கம் மருத்துவர்கள் வேறொரு கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். ரத்தம் குறைந்து சாகக் கிடப்பவருக்கு உண்மையில் தேவைப்படுவது ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஆள்தானே? அப்படியானால் சிவப்பணுவை உடைத்து, ஹீமோகுளோபினை மட்டும் எடுத்து ஏற்றினால் என்ன? ரத்த வகை பார்க்க வேண்டாம், ஏனென்றால் ஏ, பி, ஓ என்ற அடையாளமெல்லாம் அணுவின் மேல்தோலில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் வில்லியம் ஆம்பர்சன் முதலில் பூனைகளில் செய்து பார்த்தார். பிறகு மனிதர்களில். 1949ல் அவர் குழு வெளியிட்ட விவரங்களில் ஒரு தாய் இருக்கிறாள். பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கு நிற்கவில்லை. ரத்த வங்கியில் இருந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது. வேறு வழியில்லாமல் ஹீமோகுளோபின் கரைசலை இரண்டு லிட்டருக்கு மேல் ஏற்றினார்கள். நாடி திரும்பியது, ரத்த அழுத்தம் ஏறியது, பிழைத்துவிட்டாள் என்றே நினைத்திருப்பார்கள். ஒன்பதாம் நாள் சிறுநீரகம் செயலிழந்து இறந்துபோனாள்.

அவளுடைய சிறுநீரகத்தை என்ன கெடுத்தது என்பதில் மொத்தப் பிரச்சினையும் அடங்கியிருக்கிறது. மனித ஹீமோகுளோபின் நான்கு சங்கிலிகள் சேர்ந்த சின்ன மூலக்கூறு. சிவப்பணு என்ற உறைக்குள் இருக்கும்வரை அது சாது. வெளியே விட்டால் இரண்டிரண்டாகப் பிரிந்து சிறுநீரக வடிகட்டியில் நுழைந்து அடைத்துக்கொள்ளும். ரத்தக் குழாய்ச் சுவரிலிருந்து வரும் நைட்ரிக் ஆக்ஸைடைப் பிடித்துத் தின்றுவிடும். குழாயைத் தளர்த்திவைப்பதே அந்த வாயுதான், ஆகவே குழாய் இறுகும், அழுத்தம் எகிறும், இதயம் தவிக்கும். போதாததற்கு இரும்பு ஆக்ஸிஜனேற்றம் அடைந்து, சுற்றியுள்ள திசுவை அரிக்கும் துகள்களைக் கிளப்பிவிடும்.

சங்கிலிகளை வேதிப்பொருளால் ஒன்றோடொன்று தைத்துப் பெரிதாக்கினால் தீராதா என்று பல நிறுவனங்கள் கோடிக்கணக்கில் கொட்டின. மாட்டு ஹீமோகுளோபினிலிருந்து செய்த ஹீமோப்யூர் 2001ல் தென்னாப்பிரிக்காவில் அனுமதி பெற்றது. அறுவை சிகிச்சையில் திடீரென ரத்த சோகைக்கு ஆளான பெரியவர்களுக்கு என்று. அதைத் தயாரித்த நிறுவனம் 2009ல் திவாலானது. அதற்கு முந்தைய ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஒரு கட்டுரை வந்தது. ஐந்து விதமான ரத்த மாற்றுகள், 16 ஆய்வுகள், மூவாயிரத்து எழுநூற்றுச் சொச்சம் நோயாளிகள். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்ததில் மரண அபாயம் 30 சதவீதம் கூடுதல், மாரடைப்பு அபாயம் இரண்டரை மடங்குக்கும் மேல். அதோடு அந்தத் துறைக்குப் பணம் போடுகிறவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

இப்படி எல்லோரும் கடையைக் கட்டிக்கொண்டிருந்த நேரத்தில்தான் ரோஸ்கோஃபிலிருந்து புழு கிளம்பியது.

அந்த ஊரில் 1872லேயே ஆன்றி த லகாஸ்-துத்தியே தொடங்கிய கடல் உயிரியல் நிலையம் இருக்கிறது. ஃபிராங்க் ஸால் அங்கே ஆய்வுக்குச் சேர்ந்தபோது படித்தது இந்தக் கரைப் புழுவை அல்ல. ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றி வாழும் ராட்சதக் குழாய்ப்புழு ரிஃப்டியாவை. 1977ல் காலாபாகோஸ் அருகே இரண்டரைக் கிலோமீட்டர் ஆழத்தில் கண்டுபிடிக்கப்பட்ட அந்தப் பிராணியின் ஹீமோகுளோபினும் அணுவுக்குள் அடைபடாதது, பிரம்மாண்டமானது. ஆக்ஸிஜனோடு நஞ்சான சல்ஃபைடையும் சேர்த்துச் சுமப்பது. ஆனால் அதைப் பிடிக்க நீர்மூழ்கி வேண்டும். ஆய்வகத்தின் வாசலில், வாளியும் மண்வெட்டியும் இருந்தால் போதும் என்ற இடத்தில், அதே குடும்பத்து மூலக்கூறோடு இன்னொரு புழு கிடந்தது. அதே நிலையத்தில் ஆந்த்ரே துல்மோன் 1970களிலிருந்தே அந்தப் புழுவின் மூச்சைப் பற்றி எழுதிவந்தவர். 1997ல் ஸாலும் துல்மோனும் மற்றவர்களும் சேர்ந்து அதன் ஹீமோகுளோபின் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று விரிவாக வெளியிட்டார்கள். மொத்தம் 198 சங்கிலிகள். அதில் 156 ஆக்ஸிஜன் பிடிப்பவை. மிச்சம் 42 கட்டுமானத்தைச் சேர்த்துப் பிடித்திருப்பவை. அறுகோண வடிவில் இரண்டடுக்காக அடுக்கிய கட்டடம். மனித ஹீமோகுளோபினைவிட ஐம்பது மடங்குக்கும் மேல் கனம்.

மனிதர்கள் வேதிப்பொருள் போட்டுத் தைத்துச் சாதிக்க முயன்றதையெல்லாம் புழு தைக்காமலேயே வைத்திருந்தது. உறைக்கு வெளியே வாழ்ந்து பழகிய மூலக்கூறு என்பதால் அது உடைவதில்லை, சிறுநீரக வடிகட்டிக்குள் போகிற அளவும் அல்ல. திசுவை அரிக்கும் துகள்களை அடக்குகிற குணமும் அதனிடமே இருக்கிறது. இவ்வளவு பெரிய மூலக்கூறானாலும் சிவப்பணுவோடு ஒப்பிட்டால் சுமார் 250 மடங்கு சிறியது. ஆகவே சிவப்பணு நுழைய முடியாத சந்திலும் நுழையும். ஸால் 2007ல் பக்கத்து ஊரான மோர்லேயில் ஹெமாரினா என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். மூலக்கூறுக்கு எம்101 என்று பெயர் விழுந்தது. எல்லா ரத்த வகைக்கும் பொருந்தும் ரத்த மாற்று என்பது கனவு. அமெரிக்கக் கடற்படையின் மருத்துவ ஆய்வு மையமும் ஆர்வம் காட்டியது. போர்க்களத்தில் ரத்தம் கொட்டுகிறவனுக்குக் குளிர்பெட்டி தேவைப்படாத ஒன்று என்றால் எந்தப் படைக்குத்தான் ஆசை வராது?

இங்கே பத்திரிகைத் தலைப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை. ‘மனித ரத்தத்தைவிட 40 மடங்கு ஆக்ஸிஜன் சுமக்கும் புழு ரத்தம்’ என்று உலகம் முழுக்க எழுதினார்கள், தமிழிலும் எழுதினோம். மனித ஹீமோகுளோபின் மூலக்கூறு ஒன்று நான்கு ஆக்ஸிஜனைப் பிடிக்கும், புழுவினுடையது 156, வகுத்தால் 39. கணக்கு சரி. ஆனால் இது ஷேர் ஆட்டோவையும் ரயில் பெட்டியையும் ஒப்பிட்டு, ரயில் பெட்டியில் ஆள் அதிகம் என்று வியக்கிற கணக்கு. எடை போட்டுப் பாருங்கள். மனித ஹீமோகுளோபினில் ஒரு ஆக்ஸிஜனுக்குச் சுமார் 16,000 டால்டன் புரதம் செலவாகிறது, புழுவில் 23,000. அதாவது கிராமுக்குக் கிராம் பார்த்தால் புழு ரத்தம் நம்முடையதைவிடக் குறைவாகத்தான் சுமக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

ரத்த சோகைக்கு மருந்து என்ற கனவு இந்த இடத்தில்தான் தடுக்கிவிழுகிறது என்று நினைக்கிறேன். ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 7 கிராமாக இறங்கிவிட்ட ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். நம் ஊர் அரசு மருத்துவமனைப் பிரசவ வார்டுகளுக்குப் புதிதல்லாத எண்தான். உடம்பில் நான்கு லிட்டர் ரத்தம் என்று வைத்தால், அவளை 10க்குக் கொண்டுவர 120 கிராம் மனித ஹீமோகுளோபின் வேண்டும். அதே அளவு ஆக்ஸிஜன் சுமக்கப் புழுவினுடையது 170 கிராம் வேண்டும். ஒரு புழுவில் கிடைப்பதோ சொட்டுக் கணக்கு ரத்தம். அதுவும் ஏற்றியது எத்தனை நாளைக்கு? சிவப்பணு 120 நாள் வாழும். உறை இல்லாத ஹீமோகுளோபினை உடம்பு சில நாட்களில் கழித்துவிடும். இரும்புச்சத்து போதாமல் வருகிற சோகையில் குறைவது சுமக்கும் ஆள் மட்டுமல்ல, ஆளைச் செய்யும் பட்டறைக்கு மூலப்பொருளே இல்லை. தேசியக் குடும்பநல ஆய்வு 2019-21ல் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்த சோகை என்று சொன்னதே, அவர்களில் பெரும்பாலோருக்கு எந்தப் புழுவும் வழி அல்ல. இரும்பு மாத்திரையும், அதை வயிற்றைப் புரட்டாமல் தொடர்ந்து விழுங்க வைப்பதும்தான் வழி.

புழு ஆதரவாளர்கள் இதற்குப் பதில் சொல்வார்கள்: நாங்கள் இழந்த ரத்தத்தைக் கிராமுக்குக் கிராம் ஈடுகட்டப்போவதில்லை, ரத்தம் வந்து சேரும்வரை திசு சாகாமல் காப்பாற்றினால் போதும். நியாயம்தான். எம்101 மனித ஹீமோகுளோபினைவிட ஆக்ஸிஜனை இறுக்கிப் பிடிக்கும். சுற்றுப்புறத்தில் ஆக்ஸிஜன் மிகவும் வறண்டுபோன இடத்தில்தான் கையை விடும். மூச்சுத் திணறும் திசுவைத் தேடிப்போய்க் கொடுக்கிற குணம் அது. மணலுக்கடியில் வாழும் பிராணிக்கு வேறெப்படி இருக்கும்?

அந்தக் குணத்துக்கு ஏற்ற வேலை வந்து அமைந்தது நோயாளியின் ரத்தக் குழாயில் அல்ல, ஐஸ் பெட்டிக்குள்.

மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து எடுத்த சிறுநீரகம், பெறுபவர் உடலில் பொருத்தப்படும்வரை ஒரு திரவத்தில் 4 டிகிரி குளிரில் காத்திருக்கும். பத்து மணி நேரம், சில சமயம் இருபது மணி நேரம். குளிரில் திசுவின் பசி குறையுமே தவிர நிற்பதில்லை. ஆக்ஸிஜன் இல்லாமல் சேதம் கூடிக்கொண்டே போகும். பொருத்திய பிறகு சில சிறுநீரகங்கள் உடனே வேலை செய்யாமல் மக்கர் செய்வதற்கும், நோயாளியை மறுபடி டயாலிசிஸுக்கு அனுப்ப வேண்டிவருவதற்கும் இது ஒரு முக்கியக் காரணம். மனித ஹீமோகுளோபின் அந்தக் குளிரில் பயன்படாது. ஆக்ஸிஜனை இறுக்கிக்கொண்டு விடவே விடாது. அட்லாண்டிக் குளிரில் பிறந்து வளர்ந்த மூலக்கூறுக்கு 4 டிகிரி ஒரு பொருட்டல்ல. அதைவிட முக்கியம் அளவு. காத்திருப்புத் திரவத்தில் லிட்டருக்கு ஒரு கிராம் கலந்தால் போதும். ஒரு பெண்ணின் சோகைக்கு 170 கிராம் தேட வேண்டிய இடத்தில் இங்கே ஒரு கிராம். புழுவுக்கும் கட்டுப்படியாகும், பண்ணைக்கும் கட்டுப்படியாகும். உடம்புக்குள் லிட்டர் கணக்கில் ஏற்ற வேண்டியதில்லை என்பதால் ஆம்பர்சனின் நோயாளிக்கு நேர்ந்த ஆபத்தும் எட்ட நிற்கிறது.

பிரெஸ்ட் நகர மருத்துவமனையின் யானிக் லு மேர் தலைமையில் பிரான்ஸின் சில மருத்துவமனைகள் சேர்ந்து இதை 60 சிறுநீரகங்களில் செய்து பார்த்தன. அந்த ஆய்வின் அமைப்பு எனக்குப் பிடித்தது. ஒரே கொடையாளரின் இரண்டு சிறுநீரகங்கள் இரண்டு நோயாளிகளுக்குப் போகும். ஒன்று புழு மூலக்கூறு கலந்த திரவத்தில் காத்திருந்தது, மற்றது வழக்கமான திரவத்தில். ஒரே உடம்பில் விளைந்த இரண்டு உறுப்புகள் என்பதால் ஒப்பீட்டில் சாக்குச் சொல்ல இடம் குறைவு. பாதுகாப்பு பற்றிப் பயப்பட ஒன்றும் தெரியவில்லை. புழுத் திரவத்தில் இருந்தவை மக்கர் செய்தது குறைவு. 2020ல் முடிவு வெளியானது. அதற்கு முன்பே, 2018 ஜனவரியில், பாரிஸின் ஜார்ஜ் பொம்பிடு மருத்துவமனையில் லோரான் லான்தியேரி ஒரே மனிதருக்கு இரண்டாம் முறை முகமாற்று அறுவை செய்தபோது, கொடையாகப் பெற்ற முகம் இந்தத் திரவத்தின் துணையோடுதான் காத்திருந்தது.

அடுத்து வந்த சறுக்கலையும் சொல்லியாக வேண்டும். 2020 ஏப்ரலில் கொரோனா பிரான்ஸைப் போட்டு உலுக்கிக்கொண்டிருந்தது. நுரையீரல் கெட்டு ஆக்ஸிஜன் ஏறாமல் கிடப்பவர்களுக்கு எம்101ஐ நேரடியாக ரத்தத்தில் செலுத்திப் பார்க்கலாம் என்று ஒரு சிறு ஆய்வு திட்டமிடப்பட்டது. மருந்துக் கட்டுப்பாட்டு முகமை அனுமதி கொடுத்தது. சில நாட்களிலேயே நிறுத்தியும் வைத்தது. 2011ல் பன்றிகளுக்கு இதைச் செலுத்திய ஒரு சோதனையில் அவை இறந்துபோன விவரம் முகமைக்கு அப்போதுதான் எட்டியிருந்தது. அன்றைய தயாரிப்பு வேறு, இன்றையது வேறு என்றது நிறுவனம். இருக்கலாம். ஆனால் எழுபது ஆண்டுகளாக இந்தத் துறையில் பிணங்களை எண்ணிக்கொண்டு வந்திருக்கிறார்கள். முகமை தயங்கியதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு சிறுநீரகத்தைக் கழுவிப் பொருத்துவதும் ஒரு மனிதனின் நாளத்தில் நேராக ஏற்றுவதும் ஒன்றல்ல.

ஐரோப்பியச் சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. 2022ல் ஹீமோ2லைஃப் என்ற பெயரில் இதற்குச் சிஇ முத்திரை கிடைத்தது. மருந்து என்ற வகையில் அல்ல. மருத்துவச் சாதனம் என்ற வகையில், உறுப்புகளைப் பாதுகாப்பதற்காக. நாளத்துக்குள் போக வேண்டுமென்றால் மருந்துக்கான நீண்ட வரிசையில் முதலிலிருந்து நிற்க வேண்டும்.

கரையில் தோண்டியெடுத்துக் கட்டுப்படியாகாது என்பதால் நுவார்மூட்டியே தீவில் புழுவுக்கென்று தனிப் பண்ணை இருக்கிறது. அது ஒருவிதத்தில் கடற்கரைக்கும் நல்லது. நம் பழவேற்காட்டு ஏரியில் இறால் குஞ்சு பொரிப்பகங்களின் தீவனத்துக்காகப் பாலிகீட் புழுக்களை அள்ளியெடுப்பது பற்றி அடிக்கடி பிரச்சினை எழுவதைப் படித்திருப்பீர்கள். அவை இதே புழு அல்ல, தூரத்து உறவு. ஆனால் ஒரு புழுவுக்கு விலை வந்துவிட்டால் சேற்றுக்கு என்ன ஆகும் என்பதற்கு அந்த ஏரி சாட்சி.

நாளத்துக்குள் நுழையும் முயற்சியை இப்போது இன்னொரு புழுவும் செய்துகொண்டிருக்கிறது. அமெரிக்காவில் ஆந்த்ரே பாமர், ஜேக்கப் எல்மர் போன்றவர்கள் தோட்டத்து மண்புழுவின் ஹீமோகுளோபினை வடிகட்டித் தூய்மையாக்கி எலி வகைகளில் சோதித்துவருகிறார்கள். கடற்புழுவினுடையதைப் போலவே அறுகோணம், அதே ஈரடுக்கு, அதே ராட்சத எடை. வளர்ப்பதற்கு உப்புத் தண்ணீரும் வேண்டாம், ஓதமும் வேண்டாம். ஆனால் கிராமுக்கு எவ்வளவு சுமக்கும் என்ற கணக்கும், எத்தனை நாள் ரத்தத்தில் நிற்கும் என்ற கேள்வியும் அதற்கும் இதே மாதிரிதான் காத்திருக்கின்றன.